நாலு வருஷத்து ஹாப்ஸ்

கொழிஞ்சாம்பாறை
ஞாயிறு காலை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து பத்து நாளாகிவிட்டது. மகள் வீட்டுக்குப் பொள்ளாச்சி போயிருந்தேன், அதனால்தான் தாமதம். முதுகு தேறி, இருபது லிட்டர் பாத்திரத்தைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதில் சந்தோஷம். ஆனாலும் ஒண்டியாகத் தூக்காதே, பையனைக் கூப்பிடு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒஹையோ பேஸ்மென்டில் ஷெல்ஃபிலும் ஃப்ரிட்ஜிலும் நாலு வருஷம் கிடந்த சாமானை வைத்துப் பீர் காய்ச்சலாமா, குப்பையில் போடலாமா என்று கேட்கிறாய். கஞ்சிக்கோட்டில் பீர் ஆலை லேபிலேயே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டாய். பதில் கொஞ்சம் நீளும்.

பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் பார்த்து முடிவு செய்யாதே. நான் ஒருமுறை அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவான ஹாப்ஸ் ஒரு பெட்டி வந்தது, கெடு தீர இன்னும் ஒரு வருஷம் இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். காற்று இழுத்து அடைத்த பை செங்கல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அதில் ஒரு பை தலையணை மாதிரி மெத்தென்று இருந்ததைக் கை உணர்ந்தது, புத்தி கவனிக்கவில்லை. வெட்டிய அன்றைக்கு லேப் முழுக்க மழையில் நனைந்த சாக்ஸ் நாற்றம். ஊசி முனை அளவு ஓட்டைதான். அன்றிலிருந்து முதலில் கையும் மூக்கும், அப்புறம்தான் தேதி.

உன் ஹாப்ஸும் அப்படித்தான். ஃப்ரீஸரில் இருக்கும் பை விறைப்பாக இருந்தால் வெட்டு. நாலு ஹாப்ஸ் உருண்டையை உள்ளங்கையில் போட்டுத் தேய். பச்சை நிறமும், கையில் ஒட்டும் மஞ்சள் பிசினும், எலுமிச்சைத் தோல் மாதிரி வாசனையும் வந்தால் தப்பித்தாய். பழுப்பேறி, பழைய சீஸ் வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடு. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் காற்றிலும் சூட்டிலும் கரைந்துபோகும். சூடு பதினைந்து டிகிரி குறைந்தால் அந்த வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது கணக்கு. நீ வாங்கியிருக்கும் கேஸ்கேட் ரகம் இதில் ரொம்ப மோசம், 20 டிகிரியில் ஆறு மாதம் வைத்தால் கசப்பில் பாதி போய்விடும். அதனால் கிளிப் போட்டு ஷெல்ஃபில் வைத்திருக்கிறாயே, அந்தப் பாதிப் பையை முகர்ந்துகூடப் பார்க்காதே. ஃப்ரீஸர் பை நன்றாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு போடு. அதையும் கொதியின் ஆரம்பத்தில், கசப்புக்கு மட்டும். கடைசியில் வாசனைக்குப் போட புதிது வாங்கு. பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற புளிப்பு பீர் காய்ச்சுகிறவர்கள் வேண்டுமென்றே ஹாப்ஸை வருஷக்கணக்கில் பழசாக்கித்தான் போடுவார்கள். அவர்களுக்குக் கசப்பு வேண்டாம், கெடாமல் காக்கும் குணம் மட்டும் போதும். அதைப் படித்துவிட்டு நீயும் ஆரம்பித்துவிடாதே.

மால்ட் விஷயம் உனக்கே தெரியும், மறந்துவிட்டாய். நெல்லு வாங்க வரும் வியாபாரி என்ன செய்வார்? நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்' என்றால் காய்ந்த நெல், நசுங்கினால் ஈரம். முளைகட்டி உலர்த்திய பார்லிதானே மால்ட், அதுவும் அதே கதைதான். மூடி போட்ட வாளியில் இருக்கும் முழு மால்ட் மொறுமொறுவென்று உடைந்து, பின்னால் இனிப்பு வந்தால் தாராளமாகப் போடு. ரப்பர் மாதிரி இழுத்தால் ஈரம் குடித்துவிட்டது. பூஞ்சை வாடை வந்தால் கடிக்கவே கடிக்காதே, அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. உடைத்து வைத்திருக்கும் அரைக் கிலோ எப்படியும் ஊசிப்போயிருக்கும், இங்கே என்றால் மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கும். சந்தேகம் இருந்தால் நூறு கிராம் முழு மால்ட்டை உடைத்து, முந்நூறு மில்லி தண்ணீரில் 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வை. பிறகு ஒரு சொட்டைத் தட்டில் விட்டு அயோடின் வை. நீலக் கறுப்பாக மாறினால் மாவு இன்னும் சர்க்கரையாகவில்லை, அந்த மால்ட் வேண்டாம்.

ஈஸ்ட்டுக்கும் நீலம்தான். லேபில் மெத்திலீன் ப்ளூ என்ற சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம், செத்த செல் நீலமாகும், உயிரோடு இருப்பது நிறமில்லாமல் நிற்கும். எங்களுக்கு நீலம் என்றாலே கெட்ட செய்தி. உனக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும். கொதித்து ஆறி 35 டிகிரிக்கு வந்த தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, மேலே ஈஸ்ட். அரை மணி நேரத்தில் நுரை கட்டவில்லை என்றால் கதை முடிந்தது. திரவ ஈஸ்ட்டுக்குப் பரிசோதனைகூட வேண்டாம், மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சாகும் ஜாதி அது. ஃப்ரிட்ஜிலிருந்த உலர் ஈஸ்ட் நுரைத்தாலும், என் பேச்சைக் கேட்டு ஒரு புது பாக்கெட் வாங்கு. உயிர் குறைந்த ஈஸ்ட் மெதுவாகக் கிளம்பும், அதற்குள் வேறு கிருமி புகுந்துவிடும். பழையதைக் கொதியில் போடு, செத்த ஈஸ்ட் புது ஈஸ்ட்டுக்குத் தீனி.

மால்ட் பாகு டின் உப்பியிருந்தால் திறக்காதே. உப்பாமல் உள்ளே கறுத்து மட்டும் இருந்தால் கறுப்பு பீருக்கு வைத்துக்கொள், வெளுத்த பீர் அதில் வராது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய மால்ட், பழைய ஹாப்ஸ், பழைய ஈஸ்ட் மூன்றையும் ஒரே பானையில் போடாதே. பீர் கெட்டால் எது கெடுத்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாய். ஒருமுறைக்கு ஒரு பழசு, மற்றதெல்லாம் புதுசு.

இங்கே இந்தத் தொல்லையே இல்லை. காலையில் இறக்கிய கள் சாயங்காலம் புளிக்கும், விட்டால் காடியாகிவிடும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும், அவ்வளவுதான். நம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக் கள் இன்னும் வண்டியேறிக் கேரளத்தின் தெற்கு ஜில்லாக்களுக்குப் போகிறது. 1987-இல் தமிழ்நாட்டில் கள்ளை நிறுத்தியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தப் பக்கத்துப் பைக்குகள் எல்லையிலிருக்கும் வேலந்தாவளம் தாண்டி வந்து நிற்கும். நீயும் நானும் சைக்கிளில் சுற்றிய ரோடு, இப்போது பார்க்கிங்குக்கு இடமில்லை.

ஆகஸ்டில் வரும்போது ஆசையாக ஹாப்ஸ், ஈஸ்ட் என்று பெட்டியில் கட்டிக்கொண்டு வராதே. அங்கே 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், வீட்டில் பெரியவர் நீ ஒருவனே என்றாலும் வருஷத்துக்கு நூறு காலன் பீர் வரை காய்ச்ச விட்டுவைத்திருக்கிறது. இங்கே வீட்டில் காய்ச்சினால் எக்சைஸ் ஜீப்தான் வரும். பேசாமல் பழைய கள்ளுக்கடைக்கே போவோம். கப்பைக் கிழங்கும் மீன் கறியும் அப்படியே இருக்கிறது. மீனில் எரிவு மட்டும் கூடியிருக்கிறது, இல்லை நமக்குத்தான் வயசாகிவிட்டதோ தெரியவில்லை.

டம்ளரில் நுரை வந்ததா என்று எழுது.

உன்
கொழிஞ்சாம்பாறைக்காரன்