கால் ஆஃப்னா வெறும் ரத்து மட்டும் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இங்கிலீஷ் பக்கத்துல 'கால் ஆஃப்' (call off)னா ரத்து செய், 'புட் ஆஃப்' (put off)னா தள்ளிவைன்னு ரெண்டே வரியில முடிச்சிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரலைங்க, ஆனா அத அப்படியே மனப்பாடம் பண்ற பிள்ளைக்கு அது அரைக்கிணறு தாண்டுன கதைதான்.

நான் தங்கச்சிமடத்துல சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், வர்றதுல பாதிக்கு மேல கடலுக்குப் போறவக வீட்டுப் பிள்ளைக. எங்க பக்கத்து நியூஸ்ல இந்த வார்த்தை அடிக்கடி வரும். இலங்கை நேவி படகைப் பிடிச்சா இங்க ஸ்ட்ரைக், அப்புறம் பேச்சுவார்த்தை, அது முடிஞ்சதும் 'ஸ்ட்ரைக் கால்டு ஆஃப்'னு தலைப்பு. அத யாராவது ஸ்ட்ரைக் ரத்துன்னு சொல்றோமா, வாபஸ்னுதான டீக்கடையில இருந்து சங்கம் வரைக்கும் சொல்றாக. மழையால மேட்ச் நடக்கலைன்னா அங்க ரத்து சரி. ஏவிவிட்ட நாயைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாலும் கால் ஆஃப்தான். கடல்ல காணாமப்போனவங்களத் தேடுறத கால் ஆஃப் பண்ணிட்டாங்கன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம், ஆனா பின்னாடி 'ஃபார் தி நைட்'னு இருந்தா ராத்திரிக்கு மட்டும் நிறுத்தியிருக்காக, விடிஞ்சா திரும்பப் போவாக. இந்த வித்தியாசம் தெரியாம என்கிட்ட படிக்கிற பொண்ணு ஒருத்தி, போன்ல வந்த இங்கிலீஷ் சேதியப் பாத்துட்டு தேடுறத ரத்து பண்ணிட்டாகன்னு வீட்ல சொல்லிட்டா. அவ அப்பத்தா வெத்தலைப் பெட்டியக் கீழ போட்டுட்டு அப்படியே திண்ணையில சாஞ்சுட்டாக. மறுநாள் அவ சித்தப்பா பத்திரமா கரை சேந்துட்டாரு, ஆனா அந்த ஒரு ராத்திரி அந்த வீடு பட்ட பாட்ட நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அதனாலதான் இவ்வளவு எழுதுறேன்.

புட் ஆஃப் இன்னும் ஆரம்பிக்காத விஷயத்துக்குத்தான் வரும், கூட்டத்த திங்கக்கிழமைக்குத் தள்ளிவச்சாங்கங்கிற மாதிரி. கால் ஆஃப் ஆரம்பிக்கும் முன்னாடியும் வரும், பாதியில நிறுத்துனாலும் வரும். பிள்ளைக தடுமாறுற இன்னொரு இடம், 'இட்' வந்தா அது நடுவுலதான் நிக்கணும், 'கால் இட் ஆஃப்'னுதான் சொல்லணும், 'கால் ஆஃப் இட்' கிடையாது. தலைப்புச் செய்தியில 'ஹேஸ் பீன்' விட்டுட்டுப் போடுறதால ஸ்ட்ரைக்தான் யாரையோ கூப்பிட்டுச்சுன்னு அர்த்தம் பண்றவங்களும் இருக்காங்க, அதையும் ஒரு வரி சொல்லலாம்.

அப்புறம் தடை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அது முடிஞ்சத எழுதச் சொன்னா பாதிப்பேர் 'பேன் கால்டு ஆஃப்'னு எழுதுறாக. மனுசங்க ஏற்பாடு பண்ணி நடத்துற கூட்டம், ஸ்ட்ரைக், மேட்ச், தேடுதல், இதுக்கெல்லாம் கால் ஆஃப் வரும், தடைக்கு வராது. தடையை 'லிஃப்ட்' பண்ணுவாங்க.

அதனால ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு அட்டவணை போடாம, எங்க வரும் எங்க வராதுன்னு நாலு வாக்கியத்தோட போடுங்க, இடம் பத்தலைன்னா வாரத்துக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அடுத்த வாரம் 'புட் அவுட்' போட்டா எங்க பிள்ளைகளுக்கு ரொம்ப உதவும், தீயை அணைக்கிறதுக்கும் அதுதான், படகு கடலுக்குக் கிளம்புறதுக்கும் 'புட் அவுட் டு ஸீ'தான்.

இப்படிக்கு,
வாசகர், தங்கச்சிமடம்