எண்ணிக்கை என்ன என்று கேட்டாய்

கண்ணு,

போனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நான் பேச்சை மாற்றினேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். ஆமாம், ரத்தம் கொடுத்தேன், கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் சுற்றும் புற்றுச் செல்களை எண்ணுகிற ஆராய்ச்சிக்கு. அந்த எண்ணிக்கையை எனக்குச் சொல்ல மாட்டார்கள், கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

முதல் குழாய் ரத்தத்தை இதற்கு எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். ஊசி தோலைத் துளைக்கும்போது ஒன்றிரண்டு தோல் செல்லும் கூடவே வந்துவிடலாமாம், அது இவர்கள் தேடுகிற செல் மாதிரியே சாயம் ஏற்று ஏமாற்றிவிடும் என்று இரண்டாவது குழாயைத்தான் அனுப்பினார்கள். ஒரு தோல் செல்லுக்கே இவ்வளவு பயம்! ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணு மட்டுமே ஏறக்குறைய 500 கோடி, வெள்ளையணு பல பத்து லட்சம், அதற்கு நடுவே கட்டியிலிருந்து பிரிந்து வந்தது ஒன்று இருந்தாலே பெரிது.

நீ அனுப்பிய கட்டுரையை முழுக்கப் படித்தேன். அதில் வருவது, இந்தச் செல்களை எண்ண 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த செல்சர்ச் கருவி, 7.5 மில்லி ரத்தத்தில் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயின் போக்கு மோசம் என்கிற கணக்கும் உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்குப் போட்டது. எனக்கு சினைப்பையில். அந்த 5-ஐ எடுத்து என் மேல் வைத்துப் பார்க்காதே.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே, அங்கே ஊறும் நீரோடு உதிர்ந்து பரவுகிறது, ரத்த வழியாகவும் போகும், ஆனால் அது மட்டுமே வழியில்லை. அப்புறம் பிடிக்கிற விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. செல்லின் மேல் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தில், அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒட்டிய காந்தத் துகளைக் கோத்து இழுக்கிறார்கள், சில செல்கள் ரத்தத்துக்குள் வரும்போதே அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு நழுவிவிடும். அதனால் சிலர் அளவை வைத்துச் சல்லடை போட்டு வடிகட்டுகிறார்கள், புற்றுச் செல் பொதுவாக வெள்ளையணுவை விடப் பெரிது என்ற நம்பிக்கையில். எல்லாம் பெரிதாக இருப்பதில்லை, அதுதான் தொல்லை.

ஆக பூஜ்யம் என்று வந்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய், இரண்டு என்று வந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டாய், இரண்டுக்கும் என் மருத்துவர் மருந்தை மாற்றியிருக்க மாட்டார். அவர் பார்ப்பது ஸ்கேனும், சிஏ-125 என்கிற ரத்தப் புரத அளவும்தான்.

ஸ்கேன் அடுத்த மாதம். இந்த ரத்தத்துக்காக லீவு போட்டு வராதே, அதற்கு வா.

அம்மா