ஸ்லாட்நீல்: அதே பையன்கள், இரண்டு ஆட்டம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெல்ஃபாஸ்ட் குளிர் உனக்கும் பழகியிருக்கும். மகளைப் பள்ளியில் கமோகி என்ற பெண்கள் மட்டையாட்டத்தில் சேர்த்துவிட்டு, ஒரு பழைய ஸ்கோரை எழுதி "1-9, 1-7 என்றால் என்னடா கணக்கு? ஒரு குக்கிராமம் ஃபுட்பால், ஹர்லிங் என்று இரண்டு ஆட்டத்தை எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்டிருந்தாய். ஃபுட்பால் என்றால் இங்கே சாக்கர் இல்லை, கையாலும் காலாலும் ஆடும் கேலிக் ஃபுட்பால். ஹர்லிங் மட்டையால் சின்னப் பந்தை அடித்து ஆடுவது. நீ அனுப்பிய ஸ்கோரே வட அயர்லாந்தின் ஸ்லாட்நீல் ஊருடையது. அந்த ஊரை வைத்தே இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மட்டை வாங்கும் விஷயம் கடைசியில்.

கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஆறரை மீட்டர், குறுக்குக் கம்பி இரண்டரை மீட்டர் உயரம். பந்து கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட், கீழே வலைக்குள் போனால் கோல். ஒரு கோலுக்கு மூன்று பாயிண்ட். ஸ்கோரில் இடது பக்கம் கோல், வலது பக்கம் பாயிண்ட். ஆக 1-9 என்பது 12, 1-7 என்பது 10. 2017 மார்ச் 17, டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் நடந்த அகில அயர்லாந்து கிளப் ஃபுட்பால் இறுதி ஆட்டம் அது. கில்லார்னி ஊரின் டாக்டர் குரோக்ஸ் அணியிடம் ஸ்லாட்நீல் இரண்டே பாயிண்டில் தோற்றது. இந்த மூன்று பாயிண்ட் கணக்கு ஆதியிலிருந்து இருந்ததல்ல. 1892 வரை ஒரு கோல் அடித்தவன், எதிரணி எத்தனை பாயிண்ட் எடுத்திருந்தாலும் ஜெயித்தான். 1892-இல் கோலை ஐந்து பாயிண்ட் ஆக்கினார்கள், 1896-இல் மூன்றாகக் குறைத்தார்கள். 2025 முதல் ஃபுட்பாலில் மட்டும், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கம்பிக்கு மேலே அடித்தால் இரண்டு பாயிண்ட். பழைய ஆட்டத்தைப் பார்க்கும்போது இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஸ்லாட்நீல் டெர்ரி கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தெற்குப் பகுதியில், காரன்டோகர் மலையடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்துச் சிற்றூர் மஹேரா. ஊர் என்றால் கடைத்தெருவும் சந்தையுமாகக் கற்பனை செய்யாதே. சரிவில் சிதறிக் கிடக்கும் சில நூறு வீடுகள், ஆடு மாடு மேயும் புல்வெளி, மைதானம், அவ்வளவுதான். கிளப் 1953-இல் தொடங்கியது. முழுப் பெயர் ராபர்ட் எம்மெட் கிளப். 1803-இல் டப்ளினில் கிளர்ச்சி செய்து, அதே ஆண்டு செப்டம்பரில் 25 வயதில் தூக்கிலேறியவர் எம்மெட். அவர் இறந்து சரியாக 150-ஆம் ஆண்டு இந்தக் கிளப் பிறந்த ஆண்டு. ஐரிஷ் கிளப்புகளின் பெயர்களை வரிசையாகப் படித்தாலே பாதி புனிதர்கள், பாதி கலகக்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

இந்த ஆட்டங்களின் தாய்ச் சங்கமான கேலிக் தடகளச் சங்கம் 1884 நவம்பர் 1-ஆம் தேதி டிப்பரரி கவுண்டியின் தர்லெஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் குசாக்கும் மாரிஸ் டேவினும் கூட்டியது. அதன் அடிக்கல் பங்கு. கத்தோலிக்கப் பங்கைத்தான் சொல்கிறேன், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி. எந்தப் பங்கில் வளர்ந்தாயோ அந்தக் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். நல்ல ஆட்டக்காரன் என்று பக்கத்து ஊரிலிருந்து ஆளைத் தூக்கிவர முடியாது, காசு கொடுக்கவும் கூடாது. ஊரில் பிறந்ததை வைத்துத்தான் பிழைப்பு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 1971 வரை இன்னொரு விதியும் இருந்தது: சாக்கர், ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி நான்கில் எதை ஆடினாலோ வேடிக்கை பார்த்தாலோ உறுப்பினர் பதவி போய்விடும். ஸ்லாட்நீல் முதல் 18 ஆண்டு அந்த விதியின் கீழ்தான் ஓடியது.

இனி உன் பெரிய கேள்வி. டெர்ரி ஃபுட்பால் கவுண்டி. 1993-இல் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றதும் ஃபுட்பாலில்தான். ஹர்லிங் அங்கே லேவி, பானகர், டன்கிவன், ஸ்வாட்ரா, ஸ்லாட்நீல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் உயிரோடு இருக்கிறது. டன்கிவனில் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தார்கள்: ஃபுட்பாலுக்கு செயின்ட் கேனிஸ், ஹர்லிங்குக்கு கெவின் லிஞ்ச் என்று இரண்டு தனிக் கிளப். ஸ்லாட்நீலில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒரே மைதானம், ஒரே மெரூன் சட்டை.

கணக்கைப் போட்டுப் பார். ஓர் அணிக்கு 15 பேர். 1913 வரை 17, அதற்கும் முன்னால் 21. மாற்று ஆட்டக்காரர்களோடு ஒழுங்காகப் பயிற்சி நடத்த 30 பேராவது வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் தனித்தனி ஆள் என்றால் 60. பள்ளியில் ஒரு வகுப்புக்கு எட்டுப் பத்துப் பையன்கள் தேறும் ஊர் அறுபது பேருக்கு எங்கே போகும்? அதனால் அதே முப்பது பேர்தான் இரண்டும் ஆட வேண்டும். கிறிஸ்ஸி மக்கெய்க், பிரெண்டன் ராஜர்ஸ் எல்லாம் அப்படி ஆடியவர்கள்தான். ராஜர்ஸ் ஃபுட்பாலில் கோலுக்கு முன்னால் நின்று தடுப்பார், ஹர்லிங்கில் எதிரணிக் கோலுக்கு முன்னால் போய் நிற்பார்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். ஃபுட்பால் பயிற்சியாளர் செவ்வாயும் வியாழனும் கேட்பார், ஹர்லிங்காரர் திங்களும் புதனும் கேட்பார், வார இறுதியில் ஆட்டம். அவரவர் அளவில் இருவருமே நியாயம்தான். பையனுக்கு மட்டும் ஏழு நாளில் ஐந்து நாள் ஓட்டம். ஆறு வாரத்தில் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் இடுப்பு மடிப்பில் வலி பிடிக்கும். பிறகு 'ஒன்றை விடு' என்பார்கள். டெர்ரியில் விடப்படுவது எப்போதும் ஹர்லிங்தான், ஏனென்றால் கவுண்டி அணியில் பேர் வாங்குவது ஃபுட்பாலில். இப்படித்தான் பல ஊர்களில் ஹர்லிங் செத்தது.

ஸ்லாட்நீலின் மருந்து ரொம்ப எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்: அடுத்து வருவது எந்த ஆட்டமோ, அந்த வாரம் அந்த ஆட்டத்துக்குச் சொந்தம். ஹர்லிங் ஆட்டம் வந்தால் ஃபுட்பால் மேனேஜர் ஒதுங்கி நிற்பார். மிக்கி மோரன் ஃபுட்பாலையும் மைக்கேல் மக்ஷேன் ஹர்லிங்கையும் பார்த்துக்கொண்ட காலத்தில் இது நன்றாக நடந்தது. உடல் வலுவும் ஓட்டமும் இரண்டுக்கும் பொது, அதைத் தனித்தனியாக இரண்டு தடவை செய்ய வேண்டியதில்லை. மட்டைப் பழக்கத்துக்கு மட்டும் தனியாக நேரம் வேண்டும். என் கருத்தைக் கேட்டால், அந்தக் கிளப்பின் பெரிய சாதனை கோப்பை இல்லை. இரண்டு மேனேஜர்கள் சண்டை போடாமல் ஒரு காலண்டரைப் பங்கிட்டுக்கொண்டதுதான்.

பலன் உடனே வரவில்லை. டெர்ரி ஃபுட்பால் பட்டத்தை முதன்முதலில் எடுக்கவே 2004 ஆயிற்று, தொடங்கி 51 ஆண்டு கழித்து. அதன்பிறகு 2014 முதல் 2017 வரை தொடர்ந்து நான்கு. ஹர்லிங்கில் 2013-இல் டெர்ரிப் பட்டத்தைப் பிடித்தவர்கள் பத்தாண்டுக்கு மேல் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2014-இல் அல்ஸ்டர் மாகாண ஃபுட்பால் பட்டம். அடுத்த மார்ச்சில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் கால்வேயின் கோரோஃபின் 1-14, 0-7 என்று நொறுக்கியது. இப்போது உனக்கே கணக்குத் தெரியும், பத்துப் பாயிண்ட் வித்தியாசம். 2016-இல் அல்ஸ்டர் ஹர்லிங் பட்டமும் வந்தது. அதற்கு முன் எந்த டெர்ரி கிளப்பும் அதைத் தொட்டதில்லை. அதே ஆண்டு ஃபுட்பாலும் கமோகியும் சேர, மாகாணத்தின் மூன்று பட்டமும் ஒரே மலைச்சரிவுக்கு வந்தன. 2017-இலும் அதே மூன்று.

அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பார். அப்போதெல்லாம் மாகாணப் பட்டம் நவம்பர், டிசம்பரில் முடியும். அகில அயர்லாந்து அரையிறுதி பிப்ரவரியில், இறுதி ஆட்டம் மார்ச் 17-இல். ஜெயித்துக்கொண்டே போகும் ஊருக்கு ஓய்வே கிடையாது. 2017 பிப்ரவரியில் ஹர்லிங் அரையிறுதியில் டப்ளினின் குவாலாவிடம் தோற்று, அதே மாதம் ஃபுட்பால் அரையிறுதியில் செயின்ட் வின்சென்ட்ஸை ஜெயித்தார்கள். 2022-இலிருந்து ஜூலை வரை கவுண்டி அணிகளுக்கு, அதற்குப் பிறகு கிளப்புகளுக்கு என்று பருவத்தைப் பிரித்துவிட்டார்கள். ஓர் ஆட்டம் மட்டும் ஆடும் கிளப்புக்கு இது வரம். இரண்டும் ஆடுகிறவனுக்கு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு வாரம் மட்டை, மறுவாரம் பந்து, மூச்சுவிட இடமில்லை.

ஆண்கள் இரண்டு முறை இறுதிவரை போய்த் தவறவிட்ட அகில அயர்லாந்துப் பட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தது பெண்கள் அணி. கமோகியில் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று. ஸ்லாட்நீல் என்றால் எல்லாரும் ஆண்கள் கதையையே முதலில் சொல்வார்கள். உன் மகளுக்கு நீ இதை முதலில் சொல். கமோகி என்பது பெண்கள் ஆடும் ஹர்லிங், சங்கம் தனி, 1904-இல் தொடங்கியது. பாவாடை மாதிரி உடையைத்தான் போட வேண்டும் என்ற விதியை 2025 மே மாதம்தான் எடுத்தார்கள். ஓடிக் குனியும் ஆட்டத்துக்கு அரைக்கால் சட்டை போட 121 வருஷம் ஆயிற்று!

சரி, மட்டை. ஹர்லி மட்டை ஆஷ் மரத்தில் செய்வது. அதிலும் தரையிலிருந்து நாலடி உயரம் வரையுள்ள அடிமரம் மட்டும்தான் உதவும். வேர் விரியும் இடத்தில் மரத்தின் நாரும் வளைந்து போகும். அந்த வளைவிலேயே மட்டையின் அகன்ற முகத்தை அறுத்தெடுப்பார்கள். அதற்கு 'பாஸ்' என்று பெயர், 13 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. கையில் எடுத்ததும் நீ பார்க்க வேண்டியது நாரைத்தான். கைப்பிடியிலிருந்து நேராக இறங்கி, பாஸில் மட்டையின் வடிவத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். நார் திரும்பாமல் ஓரத்தில் போய் முடிந்தால், முதல் மோதலிலேயே அந்த இடத்தில் பிளக்கும். பாஸின் நுனியைச் சுற்றித் தகரப்பட்டை அடித்திருப்பார்கள், அது பிளவு பரவாமல் இருக்க. ஆணித்தலை தூக்கிக்கொண்டிருந்தால் உடனே அடித்து இறக்கு. இல்லையென்றால் யார் கையையாவது கிழிக்கும்.

ஆஷுக்கும் கெட்ட காலம். மரத்தை நுனியிலிருந்து காயவைக்கும் ஒரு பூஞ்சை நோய் 2012 அக்டோபரில் லீட்ரிம் கவுண்டியில், வெளிநாட்டிலிருந்து வந்த கன்றுகளில் முதலில் பிடிபட்டது. இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டது. மட்டைக்கான மரத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கேயும் அதே நோய். அதனால் மூங்கில் மட்டையும் செயற்கை இழை மட்டையும் கடைக்கு வந்துவிட்டன. சிறு பிள்ளைகளுக்குச் செயற்கை மட்டை போதும், எளிதில் உடையாது. கொஞ்சம் கை பழகியதும் ஆஷுக்கு மாற்று. அடி படும்போது கைக்கு வரும் அதிர்வு வேறு மாதிரி இருக்கும், அதிலேயே பந்து மட்டையில் எங்கே பட்டது என்று தெரியும்.

பந்தின் பெயர் ஸ்லிட்டர். உள்ளே தக்கை, வெளியே தோல், தையல் விளிம்பு மேடாக இருக்கும். பெரியவர் ஹர்லிங் பந்து 110 முதல் 120 கிராம், கமோகிக்கு ஒரு அளவு சின்னது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுத்தால் தவறு. மட்டையால் உருட்டியோ நெம்பியோ தூக்கித்தான் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஃபுட்பாலை 15 வயதில் கற்றுக்கொண்டுகூட ஒருவன் உருப்படலாம். மட்டைக்கு மணிக்கட்டு ஐந்தாறு வயதிலேயே வளைய வேண்டும். இரண்டும் ஆடும் ஊரில் பிள்ளை கையில் முதலில் மட்டையைக் கொடுப்பது இதனால்தான். 12 வயது வரை கோப்பையும் கிடையாது, வந்த பிள்ளைகள் எல்லாரும் ஆட வேண்டும். அதனால் மகள் தோற்றாளா ஜெயித்தாளா என்று கரையில் நின்று கத்தாதே.

அளவு பார்ப்பது இப்படி: பிள்ளையை நேராக நிற்கவைத்துக் கையைப் பக்கவாட்டில் தொங்கவிடு. தரையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை எத்தனை அங்குலமோ, அதுதான் மட்டை நீளம். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதே, அதுதான் எல்லா அப்பாக்களும் செய்யும் தப்பு. நீள மட்டை கனக்கும். கை கைப்பிடியின் நடுவுக்கு இறங்கும், அந்தப் பிடி பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. வலது கைப்பழக்கம் என்றால் வலது கை மேலே, இடது கை கீழே. கிரிக்கெட் ஆடிய உனக்கு இது தலைகீழாகத் தெரியும். நீ திருத்தப் போகாதே, பயிற்சியாளர் சொல்வதுதான் சரி. ஹெல்மெட்டில் ஐ.எஸ். 355 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பார். முகக்கம்பியை வளைக்கவோ அறுக்கவோ கூடாது, கம்பி உடைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடு. மழையில் ஆடிவிட்டு வந்த மட்டையை ஹீட்டர்மேல் சாத்தி வைத்தால் ஒரே வாரத்தில் கீறல் விழும். துடைத்து, குளிர்ச்சியான அறையில் படுக்கவைத்து, மாதம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தடவு.

அளந்து எத்தனை அங்குலம் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்