பிக்கிள்பால் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேல் அடித்து ஆடுவது பிக்கிள்பால். மூத்த உறுப்பினர்களுக்கு இந்த ஆட்டம் ஏன் பிடித்துப்போகிறது என்று கேட்டால், ஓட்டம் குறைவு என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். கோர்ட்டின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலைக்கு இருபுறமும் 7 அடி தள்ளி கிச்சன் கோடு. கோட்டுக்கும் வலைக்கும் நடுவிலுள்ள கிச்சனில் நின்று வாலி, அதாவது தரையில் படாத பந்தை, அடிக்கக் கூடாது. நால்வரும் கோட்டுக்கு வந்துவிட்டால் எதிரெதிரே நிற்பவர்களுக்கு நடுவே 14 அடிதான், குரலை உயர்த்தாமலே பேசலாம். சர்வ் இடுப்புக்குக் கீழிருந்து போடுவதால் தோளைத் தூக்க முடியாதவரும் ஆடலாம். சர்வும் அதற்கான பதிலடியும் ஒருமுறை தரையில் பட்டே ஆக வேண்டும் என்பதால், வேகமாக அடிப்பவர் எடுத்த எடுப்பில் யாரையும் திணறடிக்க முடியாது.

இந்த ஆண்டு அதிகம் பேச்சுக்கு வந்தது கோர்ட்தான். ஷட்டில் இரட்டையர் கோர்ட்டும் நமதும் ஒரே அளவு: 44 அடி நீளம், 20 அடி அகலம். 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில்தான். ஆனால் ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது, கிச்சன் கோடு 7 அடியில். அந்த அரை அடி வித்தியாசத்தில்தான் பாதிச் சண்டை. பழைய கோட்டையே கிச்சன் என்று எடுத்துக்கொண்டு வாலி அடிப்பவர் உண்மையில் கோட்டை மிதித்திருப்பார். வேறு நிறத்தில் 2 அங்குல டேப் ஒட்டினால்தான் இது தீரும்.

வலையிலும் ஒரு சங்கதி உண்டு. ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. ஷட்டில் வலையை இறக்கிக் கட்டுகிறோம், ஆனால் அந்த வலையின் அகலமே 30 அங்குலம்தான். அடியில் ஓரத்தில் 6 அங்குலமும் நடுவில் 4 அங்குலமும் சந்து விழுகிறது. மூன்று அங்குலத்துக்குள் இருக்கும் பந்து அதில் சுலபமாக நுழைந்து எதிர்ப்பக்கம் உருளும். மேலே போனதா கீழே போனதா என்று யாருக்கும் தெரியாது. அடியில் ஒரு துணிப்பட்டை கட்டினால் போதும்.

அடுத்தது வரிசை. மட்டைகளை வந்த முறைப்படி அடுக்கி வைப்பது, முதல் நான்கு மட்டைக்காரர்கள் இறங்குவது, ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியே வந்து மட்டையைக் கடைசியில் வைப்பது. இந்த ஏற்பாட்டில்தான் புதியவருக்கும் பழகியவருக்கும் ஜோடி சேருகிறது. இது கெடுவது ஒரே வழியில்: நண்பர்கள் நால்வர் மட்டைகளைச் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள். கண்டும் காணாமல் இருந்தால், தனியாக வருபவர் நாலாவது வாரம் வரமாட்டார். காத்திருப்போர் எட்டுப் பேருக்கு மேல் போனால் 11 புள்ளி ஆட்டத்தை 7-இல் முடித்துவிடலாம் என்பது என் பரிந்துரை.

எண்ணிக்கை மறப்பது வயதுக் கோளாறு என்று யாரும் கூச வேண்டாம், இரட்டையரில் மூன்று எண் சொல்ல வேண்டியிருப்பதால் எல்லாருமே தடுமாறுகிறோம். தங்கள் புள்ளி, எதிரணிப் புள்ளி, சர்வ் போடுபவர் முதலாமவரா இரண்டாமவரா. ஆட்டம் 0-0-2 என்றுதான் தொடங்கும், முதலில் சர்வ் போடும் அணிக்கு ஒரே ஒருவர் வாய்ப்பு என்பதால். சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது இதுதான்: ஆட்டத்தைத் தொடங்கியபோது வலப்பக்கம் நின்றவர், தம் அணியின் புள்ளி இரட்டைப்படையாக இருக்கும்போது வலப்பக்கமும், ஒற்றைப்படையாக இருக்கும்போது இடப்பக்கமும் இருக்க வேண்டும். அவர் கையில் ஒரு வண்ணப்பட்டை கட்டிவிட்டால் வாக்குவாதமே எழாது.

கீழே விழுவதில்தான் விளையாட்டு கிடையாது. லாப், அதாவது உயரத் தூக்கி அடித்த பந்து, தலைக்கு மேல் போகும்போது முகத்தை வலைக்குக் காட்டியபடி பின்னால் ஓடுகிறோம். குதிகால் தடுக்கி, ஊன்றிய கையில் மணிக்கட்டு முறிவதும் பின்மண்டை அடிபடுவதும் அப்படித்தான். உடம்பைத் திருப்பி ஓட வேண்டும், இல்லையேல் அந்தப் புள்ளியை விட்டுவிட வேண்டும். பக்கத்து கோர்ட் பந்து உருண்டு வந்தால் "பந்து!" என்று உரக்கச் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புள்ளியை மீண்டும் ஆடுங்கள். ஓட்டப்பயிற்சிக் காலணி உயர்ந்த குதியுடையது, பக்கவாட்டில் அடி வைத்தால் கணுக்கால் மடங்கும். தட்டையான அடியுள்ள கோர்ட் ஷூ வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் நல்லது, 14 அடியிலிருந்து வரும் பந்துக்கு இமை மூட நேரமிருக்காது.

பந்து: வெளி ஆடுகளத்துக்கு 40 சிறு துளை உள்ளது, உள்ளரங்குக்கு 26 பெரிய துளை உள்ளது. குளிரில் துளைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும், வெயிலில் பந்து இளகும். ஆடுமுன் விரலால் அழுத்திப் பாருங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

டேப், துணிப்பட்டை, பந்து ஆகிய மூன்றுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்