சாட்சி உயிரோடு திரும்பினால்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி விமானப்படைத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்ற செய்தியைப் பார்வதியிடம் உடனே சொன்னேன். அவளுக்கும் மிகுந்த மகிழ்ச்சி. "பதக்கம் வாங்கியவர்கள் மட்டும்தான் வீரர்களா, தாத்தா?" என்று உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாய். இரண்டாம் உலகப் போரில் மாண்ட கனடா விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கியைப் பற்றி அவளுக்குச் சொல். மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள, கனடாவின் ஹாமில்டன் விமான அருங்காட்சியகத்தில், அவர் நினைவாக ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை இன்றும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன்.

மைனார்ஸ்கி, வின்னிபெக் நகரில் குடியேறிய போலந்துக் குடும்பத்துப் பிள்ளை. விமானத்தின் மேற்கூண்டில் துப்பாக்கி வீரர். 1944 ஜூன் 12 இரவு பிரான்சின் காம்ப்ரே ரயில் முனையத்தைத் தாக்கப் புறப்பட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் ஜெர்மானியப் போர்விமானம் சுட்டதில் இடதுபக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன, தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார். மைனார்ஸ்கி கதவருகே வந்துவிட்டார். அப்போதுதான் வால்பக்கக் கூண்டில் இன்னொரு துப்பாக்கி வீரரான நண்பர் பாட் பிராஃபி மாட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். தீக்குள் தவழ்ந்து போய்க் கோடரியாலும் கையாலும் கூண்டைத் திறக்க முயன்றார். அது அசையவில்லை. "நீ போய்விடு" என்று பிராஃபி சைகை காட்டினார். உடை எரிய எரியப் பின்னோக்கியே தவழ்ந்து வந்தார் மைனார்ஸ்கி. கதவருகே நிமிர்ந்து நின்று நண்பனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. தரையிறங்கிய பின் தீக்காயங்களால் இறந்தார். வயது 27.

குண்டுகளோடு தரையில் மோதிய விமானத்திலிருந்து பிராஃபி தூக்கியெறியப்பட்டு உயிர் பிழைத்தார்! அவர் சொல்லித்தான் உலகத்துக்கு இது தெரிந்தது. 1946 அக்டோபரில் மைனார்ஸ்கிக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். பிராஃபியும் இறந்திருந்தால், மாண்டவர் பட்டியலில் மைனார்ஸ்கி இன்னொரு பெயர், அவ்வளவுதான். நார்மன் ஜாக்சனுக்கும் அப்படித்தான். 1944 ஏப்ரலில் ஷ்வைன்ஃபர்ட் தாக்குதலின்போது, பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் ஏறித் தீயணைக்கப் போனவர் அவர். சக வீரர்கள் சிறைமுகாமிலிருந்து திரும்பி வந்து சொன்ன பிறகே அவருக்கு அந்த விருது கிடைத்தது.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் மட்டும் 55,573 பேர் மாண்டார்கள். முழுக் குழுவும் எரிந்துபோன விமானங்களில் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்களோ, எவரும் பார்க்கவில்லை. உன் பேத்தியின் கேள்விக்கு என் பதில் இதுதான். அவர்கள் வீசிய குண்டுகளில் வெந்த ஊர்களையும் நான் மறக்கவில்லை, சண்முகம். ஆனால் அந்தக் கூண்டருகே மைனார்ஸ்கி செய்தது ஓர் உயிரைக் காக்கும் முயற்சி.

எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. அன்றைய விதிப்படி, சண்டையில் மாண்டவருக்கு ஒன்று விக்டோரியா கிராஸ், இல்லையென்றால் போர் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. நடுவில் எதுவும் கிடையாது. உயிரோடு இருப்பவர்களிலும் பறக்கும்போது காட்டிய வீரத்துக்கு அதிகாரிக்கு டி.எஃப்.சி. என்ற சிலுவை, சார்ஜென்டுக்கு டி.எஃப்.எம். என்ற பதக்கம். ஒரே விமானத்தில் ஒரே தீயை எதிர்த்தவர்களுக்கு இந்தப் பதவிப் பாகுபாடு 1993 வரை நீடித்தது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

விமானத்தின் படங்களை மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த மாதம் அவர் தஞ்சாவூர் வருகிறார். மூட்டுவலிக்கு வைத்தியரை மாற்றினாயா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்