எரிந்த சரிவில் கருகிய மரங்களை விட்டுவையுங்கள்

பெறுநர்: மாவட்ட வன அலுவலர், கொடைக்கானல்.
அனுப்புநர்: பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயி.
பொருள்: தீயில் கருகிய மரங்களை அகற்றாமல் விடவும், அந்தக் காட்டின் பூச்சிகளைக் கணக்கெடுக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய வன அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனிக் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு மேலே காடு மூன்று நாள் எரிந்தது. தீத்தடுப்புக் காவலர்கள் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தே அணைத்தார்கள், அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்த மனுவைத் தொடங்க மனம் வரவில்லை. இப்போது இரண்டு மூன்று மழை பெய்து சரிவு பச்சை கட்டிவிட்டது. கருகிய மரங்களை வெட்டி ஏற்றிவிட்டு ஐப்பசி மழைக்குள் புதுக் கன்று நடப்பார்கள் என்று ஊரில் பேச்சு அடிபடுகிறது. அது உண்மையானால், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கட்டைகளுக்குள் இப்போதுதான் குடியேற்றம் நடக்கிறது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழு மரத்தைக் கடிக்கும் சத்தம் கேட்கிறது, அடியில் மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. நீண்ட மீசை வைத்த வண்டுகளின் புழுக்கள் அவை. அவற்றைத் தேடி மரங்கொத்தி வருகிறது, வண்டு வெளியேறிய ஓட்டையில் அப்புறம் தனியாக வாழும் சிறு தேனீயும் குளவியும் கூடு வைக்கும், கருவண்டு தானே துளை போட்டுக்கொள்ளும், கடைசியில் கறையான் வந்து மிச்சத்தை மண்ணாக்கும். இவ்வளவும் நடக்கப் பல வருடம் ஆகும். நாம் ஒரே வாரத்தில் லாரியில் ஏற்றிவிட்டால் அத்தனைக்கும் வீடு போய்விடும்.

தீயில் எல்லாப் பூச்சியும் செத்துவிடுவதில்லை. மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கினாலே சூடு வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் ஆழத்தில் புற்று வைத்த எறும்பு தப்பிவிடுகிறது. சருகுக்குள்ளேயே வாழ்வதுதான் மொத்தமாகப் போகிறது. அது திரும்ப வர வேண்டுமென்றால் பக்கத்தில் எரியாத சோலை ஒரு துண்டாவது இருக்க வேண்டும், அங்கிருந்துதான் மெதுவாக ஊர்ந்து வரும். எங்கள் ஓடைக்கரையில் அப்படி ஒரு துண்டு தப்பியிருக்கிறது, அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாம்பூச்சிதான் நிறையப் பறக்கிறதே, காடு மீண்டுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நின்று பார்த்தால், தீக்குப் பின் மறுபடி துளிர்த்த உண்ணிச்செடிப் பூவில் அதே நாலைந்து வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை பறக்கிறது என்பதைவிட எத்தனை வகை பறக்கிறது என்று எண்ணினால்தான் காட்டின் நிலைமை தெரியும்.

எனக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை. காப்பிக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரம் வைத்திருக்கிறேன். அதன் பூ ஒருமுறை பெண்ணாக விரிந்து மூடி, மறுமுறை ஆணாக விரியும். மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு வர ஈயோ தேனீயோ வந்தால்தான் காய். அவை வருவது மேலே இருக்கும் அந்தக் காட்டிலிருந்துதான்.

சரி, கேட்பது இதுதான். விழுந்த மரங்களையும் நிற்கும் மொட்டை மரங்களையும் விட்டுவிடுங்கள். காய்ந்த கட்டை அடுத்த தீக்கு விறகாகுமே என்ற பயம் நியாயமானது, ஆகவே தீ பரவாமலிருக்க வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோட்டின் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் இருப்பதை மட்டும் எடுங்கள். தீயைச் சரசரவென்று ஓடவிடுவது புல்லும் சருகும் உண்ணிச்செடியும்தான், பெரிய கட்டை அல்ல. ஆட்களை அனுப்புவதாக இருந்தால் உண்ணிச்செடியைப் பிடுங்க அனுப்புங்கள், அதற்கு நாங்களும் வருகிறோம். கன்று நடுவதை எல்லா இடத்திலும் செய்யாமல், வேர் பிடித்துத் தானே துளிர்க்கும் இடங்களை ஒரு மழைக்காலமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் கணக்கெடுப்பு. அமாவாசை இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தால் விட்டில் வரும், மண்மட்டத்துக்குக் கிண்ணம் புதைத்தால் வண்டும் எறும்பும் விழும். எரிந்த இடம், அடிக்கடி எரிகிற இடம், எரியாத ஓடைக்கரை மூன்றிலும் ஒரே மாதிரி, மாதம் ஒருமுறை செய்தால் போதும். காட்டுமாட்டுச் சாணியை உருட்டும் வண்டையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள், சாணியோடு விதையையும் மண்ணுக்குள் கொண்டுபோவது அதுதான். தேன் எடுக்கும் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்து இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தப் பாறையில் எந்த மாதம் மலைத்தேனீ கூடு கட்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அதுவரையாவது இந்தக் கணக்கு நிற்காமல் நடக்கட்டும்.

வெட்டுவதற்கு ஆள் வரும் முன்பாக ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். காலையில் வந்தால் நானே மேலே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
பெருமாள்மலை கீழ்ச்சரிவு விவசாயி