அடிக்குறிப்பை வெட்டிவிட்டு வரலாற்று நூல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொன்னியின் செல்வனை முடித்துவிட்டு "சார், அடுத்து நிஜ வரலாறு படிக்க எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இருபது வருடமாகச் சோழர் காலத்து நூல்களையே தேடிச் சேர்த்து இரண்டு பீரோ நிறைத்து வைத்திருக்கிறேன், அதனால் எங்கள் தெருவில் அந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். சந்தோஷம்தான். ஆனால் இன்றைய மறுபதிப்புகளை நம்பி வாங்கு என்று அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் காலமானபோது அவர் சேர்த்த புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சேதி தெரிந்து நான் பழைய பேப்பர் கடைக்கு ஓடியபோது பாதிதான் மிஞ்சியிருந்தது. அதில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' ஆங்கிலப் பதிப்பு ஒன்று, முதுகு கிழிந்து கிடந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் உத்தம சோழன் மேல் சாஸ்திரியார் சந்தேகப்படுகிற பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், "பண்டாரத்தார் ஏற்கவில்லை, உடையார்குடிக் கல்வெட்டு பார்க்க" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது.

சரி என்று சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் வரலாறு' மறுபதிப்பு ஒன்றை வாங்கி வந்தேன். கும்பகோணத்துக்காரனான எனக்கு அவர் பக்கத்து ஊர் திருப்புறம்பியத்துக்காரர் என்பதில் ஒரு பெருமையும் உண்டு. அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் படித்தால், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கில்லை என்று அவர் வாதாடுகிறார், வரிக்கு மேலே அடிக்குறிப்புக்கான குட்டி எண்கள் அப்படியே நிற்கின்றன, பக்கத்தின் அடியில் மட்டும் ஒன்றுமே இல்லை. அத்தனை குறிப்புகளையும் தூக்கிவிட்டு எண்களை மட்டும் விட்டிருக்கிறார்கள்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கக் கல்வெட்டு கல்வெட்டாகப் பார்த்துச் சேர்த்த ஆதாரம் அது.

அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1949-ல் வெளியிட்ட முதல் பகுதி ஒரு நூலகத்தில் கிடைத்தது. அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு கல்வெட்டு வாசகங்களை வெளியிட்ட எபிகிராபியா இண்டிகா 21-ஆம் தொகுதிக்குப் போய் அந்த உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தையே படித்தேன். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்று "துரோகிகளான" சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்கள் உட்பட எல்லாருடைய சொத்தையும் பறிமுதல் செய்ய அரசன் இட்ட ஆணை அதில் வருகிறது. உத்தம சோழன் பெயர் அதில் குற்றவாளியாக வரவில்லை. அவன் காலம் முழுக்க நடவடிக்கை இல்லாமல் போனது சாஸ்திரியாருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே உத்தம சோழன் மகன் கண்டராதித்தனை ராஜராஜன் உயர்ந்த பொறுப்பில் வைத்திருந்ததையும் சேர்த்து யோசிக்கும்போது பண்டாரத்தார் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. இன்னொருவருக்கு வேறு மாதிரி படலாம், படட்டும், ஆனால் இரண்டு நூலும் கல்வெட்டும் ஒரே மேசையில் விரிந்து கிடந்தால்தான் இந்தப் பேச்சே சாத்தியம். வீட்டில் நூலகம் வைப்பது அதற்காகத்தான்.

அதனால் கேட்கிற பிள்ளைகளிடம் இந்த இருவரோடு தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2-ஆம் தொகுதியையும் வாங்கச் சொல்கிறேன். கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்று ராஜராஜன் பேசுவதைக் காதால் கேட்பது போல இருக்கும். கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை ஒருத்தி விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பட்டியலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. (பழைய தொகுதி கிடைத்தால் அலமாரியில் வசம்பு போட்டு வையுங்கள், பூச்சி அண்டாது.)

பண்டாரத்தார் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நல்லதுதான், விலை குறைந்து பலர் கைக்குப் போகிறது. ஆனால் எது முழுப் பதிப்பு, எது வெட்டிய பதிப்பு என்று கடையில் நிற்கிற கல்லூரிப் பையனுக்கு எப்படித் தெரியும்? அட்டையில் யாரும் போடுவதில்லை. உங்கள் நாளிதழின் புத்தகப் பக்கத்தில் வரலாற்று நூல் மறுபதிப்பு எதை அறிமுகம் செய்தாலும், அடிக்குறிப்பு இருக்கிறதா, பின்னால் சொல்லடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்ற அகரவரிசைப் பட்டியல்) இருக்கிறதா, எந்த ஆண்டுப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டார்கள், இந்த மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடுங்கள். விலையும் பக்க எண்ணிக்கையும் போடுகிற இடத்திலேயே அதற்கும் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.